ஏரி, காடு, கழனி, கிணறு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபையிலும் விவசாயிகள் குறைதீர்வு நாளிலும் டீக்கடையிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். பழைய வடஆற்காடு முழுவதற்கும், அதாவது 2019-இல் பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கும் திருவண்ணாமலையின் வடபகுதிக்கும், இவை பொருந்தும். கணக்குகள் தோராயமானவை. உங்கள் ஊர் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. எங்க ஊரு ஏரி ரொம்பி எத்தினியோ வருஷம் ஆச்சு. மழை கொறஞ்சிடுச்சா?

மழை ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு இறங்கும். நீண்டகாலச் சராசரி 900 முதல் 1000 மி.மீ. டெல்டாவைப் போல ஐப்பசி, கார்த்திகையை மட்டும் நம்பிய ஊர் இல்லை நம்முடையது. ஆடி முதல் புரட்டாசி வரை மாலை நேரத்தில் இடியோடு பெய்யும் தென்மேற்குப் பருவ மழையும் ஏறக்குறைய சரிபாதிப் பங்கு தருகிறது.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் 4,047 லிட்டர். ஆண்டுக்கு 950 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 38 லட்சம் லிட்டர். இதில் எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை நிலத்தை நாம் வைத்திருக்கும் விதம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. ஏரி நிரம்பவில்லை என்றால் வானத்தைப் பார்ப்பதற்கு முன் வரத்துக் கால்வாயைப் போய்ப் பாருங்கள் (கேள்வி 12).

2. ஆயிரம் அடி போட்டும் புகைதான் வருது. அடியில தண்ணியே இல்லியா?

நம் பூமி பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறை. மேலே சிதைந்த பாறையும் சுக்கான் மண்ணும் பல இடங்களில் 10 முதல் 20 மீட்டர் வரை இருக்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் உண்டு, இல்லாவிட்டால் தூள்தான். நிலத்தடி ஆறு, வற்றாத ஊற்று என்றெல்லாம் சொல்வது பேச்சுக்குச் சரி. பாறையின் வெடிப்பில் நிற்பதும் மேலேயிருந்து என்றைக்கோ இறங்கிய மழைத் தண்ணீர்தான்.

சிதைந்த பாறை அடுக்கு 100 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால், அது வடித்துக் கொடுக்கும் தண்ணீர் 1 முதல் 3 லிட்டர்தான். ஆற்று மணலோ 16 லிட்டர் வரை கொடுக்கும். இதனால் நம் கிணறுகள் ஒரு நல்ல மழையில் சரசரவென்று ஏறும், இரண்டு மாத இறைப்பில் அதே வேகத்தில் இறங்கும். போர் ஆழமாகப் போகப் போக வெடிப்புகள் குறையும். 300 அடியில் கிடைக்காதது 1,000 அடியில் கிடைக்கும் என்று கடன் வாங்குவது பெரும்பாலும் சூதாட்டம்.

3. சரி, மழையில எவ்ளோ கீழ எறங்குது? அதுக்கு எவ்ளோ பயிர் வெக்கலாம்?

நம் வகைப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீரைக் கணக்கிடும்போது, மழையில் 8 முதல் 11 விழுக்காடு கீழே இறங்குவதாக எடுத்துக்கொள்வார்கள். வெடிப்பே இல்லாத கெட்டிப் பாறை மேலே தெரியும் இடத்தில் 1 விழுக்காடுதான். பத்து விழுக்காடு என்று வைத்தால், ஓர் ஏக்கர் நிலம் ஓர் ஆண்டில் கிணற்றுக்குச் சேர்ப்பது 3.8 லட்சம் லிட்டர்.

இனி செலவு. தை வாக்கில் நடும் நவரைப் பட்டத்து நெல்லுக்குக் கிட்டத்தட்ட முழுத் தண்ணீரும் கிணற்றிலிருந்து போக வேண்டும்: 1,200 மி.மீ., அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். வயலில் கசிந்து திரும்பக் கீழே போவதை மூன்றில் ஒரு பங்கு என்று கழித்தாலும் நிகரம் 31 லட்சத்துக்கு மேல். ஓர் ஏக்கர் நவரை நெல் எட்டு ஏக்கரின் சேமிப்பைத் தின்கிறது. கரும்பு, மழையைக் கழித்த பிறகும், பன்னிரண்டு ஏக்கருக்கு மேல். இறவை நிலக்கடலை நாலரை ஏக்கர், கேழ்வரகு மூன்று ஏக்கர். உங்கள் கிணற்றைச் சுற்றி எத்தனை ஏக்கர் மானாவாரியும் தரிசும் கரம்பும் இருக்கின்றன, எத்தனை ஏக்கரில் மோட்டார் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் கிணறு ஏன் பங்குனியில் வற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

அரசு குறுவட்டம் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) குறுவட்டமாக இதே கணக்கைத்தான் போடுகிறது. ஆண்டுச் சேர்மானத்தில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை மித அபாயகரமானது, 100 வரை அபாயகரமானது, அதற்கு மேல் அதிநுகர்வு. அதிநுகர்வு என்று பெயர் வாங்கிய குறுவட்டங்கள் நம் பக்கம் ஏராளம்.

4. அப்போ நெல்லே வெக்கக்கூடாதுன்றீங்களா?

இல்லை. ஏரி நிரம்பிய ஆண்டில் ஏரிப் பாசனத்தில் சம்பா வைப்பது தப்பே இல்லை. ஏரித் தண்ணீர் எப்படியும் ஆவியாகப் போவதுதான், வயலில் கசிந்து பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும். கிணற்றை மட்டும் நம்பி நவரையும் சொர்ணவாரியும் வைப்பதில்தான் சிக்கல்.

வைத்தே தீர வேண்டும் என்றால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதியில் நிறையத் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் களைக்காகத் தண்ணீர் நிற்கட்டும். பிறகு குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனபின் 5 செ.மீ. பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்துக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டும் காயவிடக் கூடாது, விட்டால் பதராகும். கால் பங்கு தண்ணீர் மிச்சமாகும். வயல் மேடுபள்ளமாக இருந்தால் குழாய் ஓரிடத்துக் கதையைத்தான் சொல்லும். எனவே முதலில் பரம்படிப்பைச் சரியாகச் செய்யுங்கள்.

5. சொட்டுநீர் போட்டா பாதிக்குப் பாதி மிச்சம்னு சொல்றாங்களே?

செடிக்குப் போகும் தண்ணீரில் மிச்சம் உண்மை. சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் இருப்பதால் போடாமல் இருப்பதற்குக் காரணமும் இல்லை. ஆனால் கிணற்றில் மிச்சமாகிறதா என்பது வேறு கேள்வி. மிச்சமான தண்ணீரில் இன்னும் ஓர் ஏக்கர் வாழை வைத்தால், கிணற்றிலிருந்து எடுப்பது அதே அளவுதான். முன்பு வாய்க்காலில் கசிந்து திரும்பிய தண்ணீரும் இப்போது இல்லை. சொட்டுநீருக்குப் பிறகு பரப்பைக் கூட்டாமல் இருந்தால்தான் மட்டம் நிற்கும்.

6. பாலாறு ஏன் வருஷம் முழுக்க வெறும் மணலா கெடக்குது?

பாலாறு 348 கி.மீ. நீளம். நந்தி மலைப் பக்கம் தொடங்கிக் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. மேலே கோலார் மாவட்டத்தில் ஏரி ஏரியாக நிரம்பி, பேத்தமங்கலம், ராமசாகரம் ஏரிகள் வழிந்த பிறகுதான் கீழே வரும். அடுத்த 33 கி.மீ. தூரத்தில் ஆந்திரத்தின் இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள். வாணியம்பாடிக்கு மேலே புல்லூர்த் தடுப்பணையை 2016-இல் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியது பெரிய சண்டையானது. 1892-ஆம் ஆண்டு சென்னை–மைசூர் ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் உண்டு. வழக்குகள் அதையொட்டித்தான் நடக்கின்றன.

அண்டை மாநிலத்தை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. பொன்னை, கவுண்டன்யா, மலட்டாறு, அகரம் ஆறு, செய்யாறு ஆகிய துணையாறுகள் பாலாற்றில் சேர்வது நம் மாநிலத்தில்தான். அகரம் ஆறும் செய்யாறும் நம் சவ்வாது மலையிலேயே பிறக்கின்றன. அவற்றின் ஓடைகளை ஆக்கிரமித்தது வெளியூர்க்காரர்கள் அல்ல. ஆறு செத்துவிட்டது என்று எழுதியவர்கள் 2021 நவம்பரில் கரை புரண்டதைப் பார்த்தார்கள். 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதும் இதே ஆறுதான்.

7. ஆத்துல தண்ணியே இல்ல. மணல் அள்ளுனா கெணத்துக்கு என்ன?

கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வி 2-இல் சொன்ன 16 விழுக்காட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். 200 மீட்டர் அகல ஆற்றில் ஒரு கி.மீ. நீளத்துக்கு ஒரு மீட்டர் மணலை அள்ளினால் 3.2 கோடி லிட்டர் கொள்ளும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனதாக அர்த்தம். அதுவும் மூடி போட்ட தொட்டி. மணலுக்குள் ஒரு மீட்டர் கீழே நிற்கும் தண்ணீரை வெயில் அவ்வளவாகத் தொடுவதில்லை.

இரண்டாவது கெடுதல் ஆற்றின் மட்டம் தாழ்வது. கரையோரக் கிணறுகளின் நீர் ஆற்றை நோக்கி வடிந்துவிடும். ஆற்று மணலில் வெட்டிக் கழனிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஊற்றுக்கால்வாய்கள் பல இப்படித்தான் வீணாயின. ஆறு கீழே போய்விட்டது, கால்வாயின் தலை மேலே தொங்குகிறது.

8. காடு இருந்தா மழை வரும்னு சின்ன வயசுலருந்து படிக்கறோம். நெசந்தானா?

பெரிய காட்டுப் பரப்புகள் காற்றின் ஈரத்தைக் கூட்டுவது உண்மை. ஆனால் ஊர்க்கோடியில் ஆயிரம் கன்று நட்டதால் அந்த ஊரில் மட்டும் மழை கூடும் என்று எதிர்பார்ப்பது வீண். காட்டின் முக்கிய வேலை மழையைக் கொண்டுவருவதல்ல, வந்த மழையைப் பிடித்து நிதானமாக விடுவது. சருகு மூடிய காட்டு மண்ணில் தண்ணீர் உறிஞ்சி இறங்கும். மாடு மிதித்து இறுகிய மொட்டைச் சரிவில் அதே மழை சேற்றோடு ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும். அமிர்தி ஓடையில் மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் தண்ணீர் கசிவது மேலே காடு இருப்பதால்தான்.

எனவே சவ்வாது மலை, ஏலகிரிச் சரிவுகளில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மாசி முதல் வைகாசி வரை வைக்கப்படும் தீ. சருகு எரிந்துபோனால் அடுத்த கோடை மழையின் முதல் அடி நேராக மண்ணின் மேல் விழும், சாம்பலும் மேல்மண்ணும் கீழ் ஏரிக்கு வரும். இரண்டு, சரிவோடு மேலும் கீழுமாக உழுவது. சாமை போட்டாலும் மரவள்ளி போட்டாலும் சரிவுக்குக் குறுக்கே உழுது, கல்வரப்பு வைத்தால் மண் நிற்கும். கிழங்கு பிடுங்கிய நிலத்தை மழைக்கு முன் மொட்டையாக விடாமல் கொள்ளாவது தூவுங்கள்.

9. மரம் தண்ணிய உறிஞ்சுதுன்னு வேற சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. மரம் குடிக்காமல் வளராது. காடு ஆண்டு மொத்தத்தில் ஓடைக்கு விடும் தண்ணீர் புல்வெளியை விடக் குறைவாகவே இருக்கலாம். அதற்குப் பதிலாக வெள்ளத்தைக் குறைத்து, கோடையில் ஓட்டத்தை நீட்டித்து, மண்ணைக் காக்கிறது. நம் மலைகளில் உள்ள இலையுதிர் மரங்கள் கோடையில் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்பவை, அந்த நேரத்தில் குடிப்பதும் குறைவு.

தைலமரம் அப்படியல்ல, ஆண்டு முழுக்க இலையோடு குடிக்கும். கோலாருக்குப் பக்கத்து ஹொஸ்கோட்டையில், எட்டு மீட்டர் வரை வேர் இறங்கக்கூடிய ஆழ்ந்த மண்ணில், இளம் தைலத் தோப்பை மூன்று வறண்ட ஆண்டுகள் அளந்த ஆய்வு ஒன்று உண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் பெய்த மழை 2,100 மி.மீ., தோப்பு குடித்தது 3,400 மி.மீ. என்று கணக்கிட்டார்கள். மிச்சம் மண்ணில் பழைய சேமிப்பாக இருந்த ஈரம். ஆழம் குறைந்த மண்ணில் இவ்வளவு எடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கர்நாடகம் 2017-இல் புதிய தைலமர நடவுக்குத் தடை போட்டது. ஏரி நீர்ப்பிடிப்பிலும் கிணற்றின் மேல்புறத்திலும் தைலம் வேண்டாம். புங்கன், வேம்பு, நாவல், ஆலம் வையுங்கள், கரையில் பனை.

10. சீமைக் கருவேலம் காத்துல இருக்கிற ஈரத்தையே இழுக்குதாமே?

அது கட்டுக்கதை. இலை காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கிணற்றை வற்ற வைப்பதில்லை. ஆழமான வேர் நிலத்தடி நீரை எடுக்கிறது, அதுவே போதுமான கெடுதல். ஏரிக்குள் வளர்ந்தால் கொள்ளளவு குறையும். வரத்துக் கால்வாயில் வளர்ந்தால் குப்பையும் மண்ணும் தங்கி ஓட்டமே நிற்கும்.

அகற்றுவதில் தப்பு செய்பவர்கள் அதிகம். மட்டத்தோடு வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாக வரும். ஏரிக்குள்ளும் வயலிலும் மண்ணுக்கு ஓரடி கீழே வரை தோண்டி வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். ஆனால் ஏரிக்கரையில் ஜேசிபி வைத்துப் பிடுங்கவே கூடாது. கரை இளகிவிடும், அறுந்த வேர் மக்கிய துளை வழியாக அடுத்த வெள்ளத்தில் கசிவு தொடங்கும். கரையில் இருப்பதை வெட்டி, துளிரைத் தொடர்ந்து ஒடித்துக்கொண்டே வாருங்கள். ஆடு மாட்டுச் சாணத்தில் விதை வந்துகொண்டே இருக்கும். எடுத்த இடத்தில் வேறு எதையும் வளர்க்காவிட்டால் மூன்றாம் ஆண்டு பழைய காடுதான்.

11. ஏரிய நல்லா ஆழமா தோண்டிட்டா போதாதா?

வரத்தே இல்லாத ஏரியை ஆழப்படுத்துவது, பால் கறக்காத மாட்டுக்குப் பெரிய செம்பு வாங்குவது போல. வரத்து இருக்கும் ஏரியிலும் அளவு உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டியது பாசனத்துக்கு வராது, குட்டையாக நிற்கும். மீனுக்கும் மாட்டுக்கும் அது நல்லதுதான், ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலத்துக்கு இல்லை. கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும், குறைந்தது கரையின் உயரத்தைப் போல் சில மடங்கு தள்ளியே மண் எடுக்க வேண்டும்.

வண்டல் எடுக்க நல்ல காலம் சித்திரை, வைகாசி. சிறுகனிம விதிகளின்படி விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வண்டல் தீர்ந்து கிராவல் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். "வண்டல்" என்ற பெயரில் கிராவல் லாரி லாரியாகப் போகும் ஊரில் ஏரி ஆழமாகும், பயன் வேறு யாருக்கோ.

12. வரத்துக் கால்வாய் எங்க இருந்துச்சுன்னே பசங்களுக்குத் தெரியல. எப்படிக் கண்டுபுடிக்கறது?

கிராம வரைபடத்தில் கால்வாயும் ஓடையும் கோடாக இருக்கும். அந்தப் புல எண்களை எழுதிக்கொண்டு, அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) அவை ஓடை, வாய்க்கால், ஏரி என்று நீர்நிலைப் புறம்போக்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். புல வரைபடத்தில் அகலம் அளவோடு இருக்கும். பெரும்பாலானவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பிறகு ஒரு நல்ல மழை நாளில் குடையோடு மேலேயிருந்து கீழே நடந்து வாருங்கள். காய்ந்த நாளில் தெரியாதது அன்று தெரியும். அடைப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில்: ரோடு மேடானபோது உயர்த்திக் கட்டிய சிறுபாலம், வயலோடு சேர்த்து உழுத வாய்க்கால், மனைப்பிரிவுக்குக் கொட்டிய மண்.

மனு யாருக்கு என்பது ஏரியின் அளவைப் பொறுத்தது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அளந்து எல்லை காட்ட வட்டாட்சியர். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிட்டு, புல எண்களோடு எழுதுங்கள். "எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதிய மனு சுற்றிச் சுற்றி அதே மேசைக்கு வரும்.

13. ஏரிக்குக் கீழ இருக்கிற கழனியதானே பிளாட் போடறாங்க. ஏரிக்கு என்ன நட்டம்?

ஆயக்கட்டு போனால் ஏரியைக் கேட்க ஆள் இருக்காது. மதகு துருப்பிடிக்கும், மதகைத் திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கு வேலை இல்லை, கழிவுநீர் ஏரிக்கு வரும். அடுத்து, ஏரி கோடி போகும்போது, அதாவது நிரம்பி வழியும்போது, தண்ணீர் போகும் போக்குக் கால்வாய் வீடுகளுக்கு நடுவில் சாக்கடையாகச் சுருங்கியிருக்கும். ஏரி நிரம்பினால் ஊரே கரையை வெட்டச் சொல்லும். வேலூர், காட்பாடிப் பக்கம் 2021-இல் வீடுகளுக்குள் தண்ணீர் வந்த தெருக்கள் பல இந்த வகை. மனை வாங்குபவர்கள் அங்கீகாரக் காகிதத்தோடு கிராம வரைபடத்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

14. எங்க ஓடையில தடுப்பணை கட்டணும். எந்த எடம் நல்லது?

அடியில் மணலோ சிதைந்த பாறையோ இருந்து, கரை உறுதியாகவும் ஓடை குறுகியும் இருக்கும் இடம். களிமண் அடி என்றால் தண்ணீர் நிற்கும், இறங்காது. கெட்டிப் பாறையும் அப்படித்தான். பெரிய ஒன்றைக் கட்டுவதற்கு முன் மேலே சிறு ஓடைகளில் கல்லடுக்குத் தடுப்பும் சரிவில் சம உயர அகழியும் போட்டால் மண் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் தடுப்பணை மூன்றே ஆண்டில் மணல் மேடு.

வேலூர்ப் பக்கத்து நாகநதியில் 2014 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் செய்தது வேறு வழி. ஓடைப் படுகையில் சிமெண்ட் உறை இறக்கிய உறிஞ்சு கிணறுகளும் பாறாங்கல் தடுப்புகளும். மேல் அடுக்கு இறுகிப்போய்த் தண்ணீர் இறங்காத இடத்தில் இது தடுப்பணையை விட வேலை செய்யும், செலவும் குறைவு. ஆண்டுக்கு ஒரு முறை தூர் வாராவிட்டால் உறைக் கிணறு வெறும் குழிதான்.

15. பண்ணைக்குட்டை வெட்டுனா எத்தினி நாள் தண்ணி நிக்கும்?

மேல்வாய் 20×20 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று என்றால் கொள்ளளவு 5 லட்சம் லிட்டர். நிரம்பிய குட்டையில் கோடை வெயில் நாளுக்கு 7 மி.மீ. குடித்தால் 2,800 லிட்டர் போகும். பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தாலும் மூன்று மாதத்தில் 2 லட்சம் லிட்டர் வானத்துக்கு. ஆகவே குட்டைத் தண்ணீரைக் கோடைக்குப் பூட்டி வைக்காதீர்கள். ஆடிப்பட்ட நிலக்கடலை காய் பிடிக்கும்போது மழை ஏமாற்றினால் ஓர் ஏக்கருக்கு 50 மி.மீ. வீதம் இரண்டு தண்ணீர் விட இது போதும். பயிரைக் காப்பாற்றுவது அந்த இரண்டு தண்ணீர்தான். தண்ணீர் உள்ளே வரும் வாய்மடையில் கல் பாவி, அதற்கு முன் சிறு வண்டல் குழி வையுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள்.

16. வத்திப்போன கெணத்துல மழைத்தண்ணிய நேரா விடலாமா?

நேராக விடாதீர்கள். சேறு இறங்கினால் இருக்கும் ஊற்றுக்கண்ணும் அடைபடும். கிணற்றிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி 2 மீட்டர் கனசதுரக் குழி வெட்டுங்கள். அடியில் பெரிய கல் இரண்டரை அடி, அதன் மேல் ஒன்றரை அங்குல ஜல்லி ஒன்றரை அடி, மேலே பருமணல் ஒன்றரை அடி. அடிக்கல் மட்டத்திலிருந்து ஆறு அங்குலக் குழாயைக் கிணற்றுக்குள் ஓரடி நீட்டி விடுங்கள், சுவரை ஒட்டி வழிந்தால் சுவர் சரியும். கட்டுச்சுவர் இல்லாத பழைய கிணறாக இருந்தால் குழியை இன்னும் தள்ளி வையுங்கள். முதல் மழையைத் திருப்பி விடுங்கள். ஆண்டுதோறும் ஆடிக்கு முன் மேல் மணலை அரை அடி சுரண்டி மாற்றுங்கள்.

யூரியா தூவிய வயலின் வடிநீர், மாட்டுத் தொழுவத் தண்ணீர், சாக்கடை எதையும் இதில் விடக் கூடாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் அனுமதி, அதைத் தாண்டுவது சுலபம்.

17. எங்க பக்கம் தோல் ஷாப்பு தண்ணி ஏறின கெணறு. மழை நல்லா பேஞ்சா சுத்தமாயிடுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்துக் கிணறுகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு சேர்த்த உப்புக்கு வரலாறு உண்டு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்பு வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில்தான். தீர்ப்பு வந்தது. உப்பு இன்னும் மண்ணில் இருக்கிறது. மழை நல்லா பெய்தால் கிணற்றில் இ.சி. (தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்) இறங்கும், கோடையில் மறுபடி ஏறும். மண்ணில் தங்கிய உப்பு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து கீழே போவதால் முதல் மழைக்குப் பின் ஏறுவதும் உண்டு. ஆகவே ஆண்டில் இரண்டு முறை, பங்குனியிலும் மார்கழியிலும், பரிசோதியுங்கள்.

இ.சி. மீட்டருக்கு 0.75 டெசி சைமன்ஸ் வரை கவலை இல்லை. 2.25-க்கு மேல் எல்லாப் பயிரும் ஏற்காது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரை ஒரு பட்டத்துக்கு 500 மி.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்கு 4 டன் உப்பைக் கொட்டியதாக அர்த்தம். அதைக் கழுவி இறக்க வடிகால் வேண்டும், இல்லாவிட்டால் மண் பூத்துவிடும். தென்னையும் தீவனப்புல்லும் ஓரளவு தாங்கும், நிலக்கடலையும் அவரையும் தாங்காது. ஜிப்சம் போடுவது சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான். பொது உப்புக்கு அது மருந்தில்லை, காசு வீண்.

18. கரண்ட் இலவசம், மோட்டார் என்னோடது. நான் மட்டும் மிச்சம் புடிச்சா பக்கத்து போர் இழுத்துக்காதா?

இழுத்துக்கொள்ளும். ஒரே வெடிப்பில் இரண்டு போர் இருந்தால் ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் வரவு. கரண்டுக்குக் காசு இல்லாததால் அடுத்தவரை முந்தி இறைப்பதில் யாருக்கும் நட்டமும் தெரிவதில்லை. இதனால்தான் தனி ஆளின் சிக்கனத்தை விட ஏழெட்டுக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்து பட்டத்துக்கு முன் உட்கார்ந்து பேசுவது பலன் தருகிறது. தை பிறக்கும்போது எல்லாக் கிணற்றின் மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். போன ஆண்டை விட இரண்டு மீட்டர் கீழே என்றால் நவரை நெல்லைப் பாதியாக்கி மிச்சத்தில் உளுந்தோ கேழ்வரகோ என்று அப்போதே முடிவெடுக்கலாம். பங்குனியில் பேசினால் சண்டைதான் வரும்.

19. மேல எல்லாரும் குட்டை, தடுப்பணைன்னு கட்டிட்டா எங்க ஏரிக்கு எப்படி வரும்?

கேட்டது நியாயம். ஆந்திரத்தைப் பார்த்து நாம் கேட்பதும் (கேள்வி 6) இதே கேள்விதான். மழை அளவு மாறாதபோது மேலே நிறுத்திய ஒவ்வொரு குடமும் கீழே ஒரு குடம் குறைவு. அந்தத் தண்ணீர் நிலத்தில் இறங்கி ஓடையில் மறுபடி கசிந்தால் கொஞ்சம் திரும்பும். மேலேயே இறைத்துவிட்டால் திரும்பாது. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்து ஏரி, நம் பக்கத்தில் பெரியது. வாலாஜா அணைக்கட்டின் கால்வாயை நம்பியிருக்கும் அதுவே மேலே எத்தனை பிடிமானம் என்பதைப் பொறுத்துத்தான் நிரம்புகிறது.

இதற்கு நடைமுறை வழி பருவத்தைப் பங்கிடுவது. ஆடி, ஆவணியின் மாலை மழை துண்டு துண்டாகப் பெய்வது, ஏரியை நிரப்பும் அளவுக்கு ஓடாது. அதை வயல், குட்டை, தடுப்பணை எல்லாம் பிடித்துக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழைதான் ஏரிக்கானது. எனவே தடுப்பணைக்கு அடியில் பலகை போட்டு எடுக்கும் கண் ஒன்று வைத்தே கட்டச் சொல்லுங்கள், முழுச் சுவராக வேண்டாம். ஐப்பசி முதல் வாரம் பலகையை எடுத்துவிட்டு, வரத்துக் கால்வாயை ஒட்டிய பண்ணைக்குட்டைகளின் வாய்மடைகளை மண்மூட்டை வைத்து அடைத்துவிடலாம். ஏரி கோடி போனதும் பலகையைத் திரும்பப் போடுங்கள். பலகையைப் பூட்டி வைத்து, அதன் சாவி மேல் ஊர், கீழ் ஊர் இரண்டிலும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.